முதல் வகுப்பு ஜமீனும் மூடி போட்ட பெட்டியும்

என் வீட்டுக்காரர் விமானத்தில் சோறு போடுகிறவர். இப்படிச் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "சோறு போடுறது இல்ல, உணவு பரிமாறுறது. அதுவும் முதல் வகுப்புல" என்பார். எங்கே பரிமாறினாலும் கடைசியில் வயிற்றுக்குள்தானே போகிறது என்று நான் கேட்பேன். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த சண்டை இது. இன்றுவரை ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

கூட வேலை பார்க்கிறவர்கள் அவருக்கு வைத்த பேர் ஜமீன். பேருக்கு ஏற்ற சொத்து எதுவும் கிடையாது. மூன்றாவது மாடியில் ரெண்டு அறை வாடகை வீடு, பாதி நாள் ஓடாத லிஃப்ட், சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் குளியலறைக் குழாய். ஆனால் நடை உடை பாவனையைப் பார்த்தால் ஊரில் பாதி இவருக்குத்தான் சொந்தமோ என்று தோன்றும். குப்பை வாளியைக் கீழே கொண்டுபோகும்போதுகூட இடது கையை மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். எதிர் வீட்டு நர்ஸ் ஒருநாள் என்னைத் தனியாக நிறுத்தி, "அண்ணனுக்கு முதுகுல ஏதாவது பிரச்சினையா அக்கா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, ரொம்ப வருஷமா இருக்கு, வைத்தியமே கிடையாது" என்றேன்.

நான் தரையில் வேலை பார்க்கிறவள். விமான நிலையத்தின் பின்பக்கம், ஓடுபாதை வேலியை ஒட்டி ஒரு தகரக் கூரைக் கட்டடம் இருக்கிறது. மேலே போகிறவர்கள் சாப்பிடுவதெல்லாம் அங்கே இருந்துதான் போகிறது. உள்ளே போனால் எப்போதும் குளிர். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது நாங்கள் ஸ்வெட்டரும் தலையில் வலைத்தொப்பியும் போட்டுக்கொண்டு, ஓடுகிற பெல்ட்டின் ரெண்டு பக்கமும் நின்றுகொண்டிருப்போம். ஒருத்தி ரொட்டி வைப்பாள், அடுத்தவள் வெண்ணெய், அதற்கடுத்தவள் கரண்டி. முதல் வகுப்புக்கு மட்டும் பெல்ட் கிடையாது, தனி மேசை. அந்த மேசையில் நாப்கின் மடிக்கிற வேலை எனக்கு.

அவரை முதலில் பார்த்ததே அங்கேதான். மொடமொடவென்று சீருடை போட்ட ஒரு ஆள், கையில் நாப்கினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"இதை மடிச்சது யாரு?"

"நான்தான். ஏன், விரிக்கத் தெரியலையா?"

"ஓரம் உள்பக்கம் போகணும். பயணி விரிக்கும்போது தையல் கண்ணுல படக்கூடாது."

"பட்டா கண்ணு அவிஞ்சு போயிடுமா?"

அவர் அங்கேயே நின்று, ஒரு நாப்கினை எடுத்து மடித்துக் காட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் வெண்ணெயைக் குறை சொல்ல வந்தார். அதற்கடுத்த வாரம் ரொட்டி. நாலாவது தடவை வந்தபோது அவருக்குச் சொல்ல ஒரு குறையும் கிடைக்கவில்லை. மேசையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கடைசியில் "குளிர் அதிகமா இருக்கு இங்க" என்றார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அந்தக் காலத்து முதல் வகுப்புச் சாப்பாடு என்பது ஒரு கல்யாண வேலை. எட்டே இருக்கைகள். எட்டுப் பேருக்கும் முன்னால் மேசையில் வெள்ளை விரிப்பு, அதன் மேல் பீங்கான், ஆளுக்கொரு உப்புக் கிண்ணம், அந்த உப்புக்கு நகத்தளவு ஒரு கரண்டி. முதலில் ஐஸ் மேல் வைத்த மீன் முட்டை. பிறகு சூப். பிறகு முழு ஆட்டுத்தொடையைத் தள்ளுவண்டியில் வைத்து இருக்கைகளுக்கு நடுவே உருட்டிக்கொண்டு வந்து, கண்ணெதிரே சீவிப் போட வேண்டும். விமானம் தூக்கிப் போடும், கையில் நீளக் கத்தி இருக்கும், முகத்தில் சிரிப்பு மாறக்கூடாது. அதற்குப் பிறகு சீஸ், பழம், காபி. பயணிகள் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஒரு கடலைத் தாண்டியிருப்பார்கள்.

இதில் அவர் உயிரை விட்டுக் காப்பாற்றிய சட்டம் ஒன்று உண்டு. சாப்பிடுகிறவரிடம் "முடிஞ்சுதா?" என்று கேட்கவே கூடாது. கத்தியும் முள்கரண்டியும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தால் எடுத்துவிடலாம். ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு விலகி இருந்தால் கிட்டேயே போகக்கூடாது. வீட்டிலும் இதே கூத்துதான். பொரித்த மீனும் சோறும் வைத்தால்கூட, மீனைத் தனித் தட்டில், முதலில், என்பார். எங்கள் மகள் ரெண்டாம் வகுப்பு படிக்கும்போது கரண்டியைக் கோணலாக வைத்துவிட்டு ஒரு மணி நேரம் மேசையிலேயே உட்கார்ந்திருப்பாள். தட்டை எடுக்க அவருக்கு மனசு வராது, அவளுக்கு வீட்டுப்பாடத்திலிருந்து விடுதலை. அதே பிள்ளை ஒருநாள் தோழி வீட்டில் சாப்பிடப் போய், சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறாள். ஏம்மா என்று கேட்டதற்கு "இன்னும் சூப் வரலையே ஆன்ட்டி" என்றாளாம். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

சாப்பாடு குறைய ஆரம்பித்தது என் மேசையில்தான் முதலில் தெரிந்தது. ஒருநாள் வேலைக்குப் போனால் பூ வரவில்லை. ஜாடி இருக்கிறது, பூ இல்லை. கொஞ்ச நாளில் ஜாடியும் இல்லை. பிறகு உப்புக் கிண்ணம் போய்க் காகிதப் பொட்டலம் வந்தது. ஒவ்வொன்றைப் பிடுங்கும்போதும் மேலிடத்திலிருந்து ஒரு அறிவிப்பு வரும். எதையும் எடுத்துவிட்டோம் என்று அவர்கள் சொன்னதே கிடையாது. பூவை எடுத்தது ஒவ்வாமை இருக்கிற பயணிகளுக்காகவாம். உப்புக் கிண்ணத்தை எடுத்தது ரத்த அழுத்தத்துக்காகவாம். பயணிகள் மேல் இவர்களுக்கு இவ்வளவு பாசம் எங்கிருந்து திடீரென்று பொத்துக்கொண்டு வந்தது என்று நாங்கள் பெல்ட்டில் நின்று சிரிப்போம்.

வீட்டில் சிரிக்க முடியாது. தள்ளுவண்டியை எடுத்தபோது அவர் ரெண்டு நாள் மீனுக்குத் தனித் தட்டு கேட்கவில்லை. நீளக் கத்தி ஆபத்து, வண்டி கனம் என்றார்கள். ஆட்டுத்தொடை கீழேயே சீவப்பட்டு, அலுமினியத் தாளுக்குள் முகத்தை மூடிக்கொண்டு மேலே போக ஆரம்பித்தது. அப்புறம் சூப்பு, இறைச்சி, பழம் எல்லாவற்றையும் ஒரே தட்டில் ஒரே நேரத்தில் வைக்கச் சொன்னார்கள். "கேக்கு மேல சூப்பு தளும்புதுடி" என்று அவர் என்னிடம் சொன்னபோது, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாத மாதிரி குரல் இறங்கியிருந்தது.

நான் இதற்கெல்லாம் உட்கார்ந்து அழுகிற ரகம் இல்லை. எட்டுப் பேர் மீன் முட்டை சாப்பிடாமல் போனதால் உலகத்துக்கு ஒரு நஷ்டமும் வந்துவிடவில்லை. அந்த எட்டுப் பேரின் லட்சணமும் எனக்குத் தெரியும். விரிப்பின் மேலேயே காலைத் தூக்கிப் போட்டு நகம் வெட்டிய ஆளைப் பற்றி அவரே வந்து சொல்லியிருக்கிறார். ஆனால் அவருக்கு அந்த எட்டுப் பேர் முக்கியம் இல்லை. அவர்களுக்கு முன்னால் எப்படி நிற்கிறோம் என்பதுதான் முக்கியம்.

கடைசியாக வந்தது பெட்டி. அட்டைப் பெட்டி, மேலே மூடி, உள்ளே மரக்கரண்டி. பின்னால் உட்காருகிறவர்களுக்கும் அதே பெட்டிதான். முதல் வகுப்புப் பெட்டி என்று தெரிவதற்காக மூடியில் ஒரு தங்கக் கோடும், உள்ளே கூடுதலாக ஒரு சாக்லேட்டும். என் மேசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெட்டி அடுக்கும் பெல்ட்டைப் போட்டார்கள். அதற்கு மேற்பார்வை யார் என்று பார்த்தால், நான். பதவி உயர்வு, சம்பள உயர்வு, தலைக்கு நீலத்தொப்பி. வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"நல்லது" என்றார்.

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? கட்டின பொண்டாட்டியே என் சோத்துல மண்ணைப் போடுறதுக்குச் சம்பளம் வாங்குறா. அதையும் பெட்டியில போட்டு மூடி அனுப்புறா."

"ஓ, இப்ப மட்டும் அது சோறா?" என்றேன். அவர் எழுந்து ஷூவைத் துடைக்கப் போய்விட்டார். எனக்கு ஜெயித்த மாதிரி இல்லை.

அதற்குள் அடுத்த இடி விழுந்தது. பெரும்பாலான விமானங்களில் முதல் வகுப்பையே எடுத்துவிடப் போகிறார்கள், மிச்சம் இருக்கிற ஒன்றிரண்டு விமானங்களுக்குக் கொஞ்சம் பேரை மட்டும் வைத்துக்கொள்வார்கள் என்று செய்தி வந்தது. ஐம்பதைத் தாண்டியவர்கள் ஒவ்வொருவரையும் சோதிக்க ஒரு ரகசியப் பயணி வருவாராம். சாதாரணப் பயணி போல ஏறி உட்கார்ந்து, பார்த்துவிட்டு, மேலிடத்தில் மார்க் போட்டுச் சொல்லுவாராம். தேறாதவர்களுக்குக் காணாமல் போன லக்கேஜ் கவுண்டர். பெட்டி தொலைத்தவர்கள் வரிசையில் வந்து கத்துவார்கள், தலையைக் குனிந்து கேட்டுக்கொள்ள வேண்டும்.

"அங்க போட்டாங்கன்னா நான் செத்துடுவேன்" என்றார்.

"அதெல்லாம் உயிர் போகாது. கவுண்டர்ல நாற்காலி உண்டு. உட்கார்ந்து வேலை பாருங்க, கால் வலியாவது குறையும்."

அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்குக் காபி ஊற்றும்போது அவர் கையைப் பார்த்தேன். குலுங்குகிற விமானத்தில் முப்பது வருஷம் ஒரு சொட்டு சிந்தாத கை, சமையலறை மேசையில் சிந்தியது. இந்த மனிதருக்கு வேறு வேலை தெரியாது, வேறு ஆளாக இருக்கவும் தெரியாது. கவுண்டரில் போட்டால் இவர் தேறமாட்டார் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

அவருக்கு ஒரு யோசனை வந்தது. அந்த ரகசியப் பயணிக்கு மட்டும் ஒரே ஒரு தடவை, பழைய மாதிரி முழுச் சாப்பாடு போட்டுவிட்டால் போதும், பிறகு தன்னை யாரும் அசைக்க முடியாது என்றார். பைத்தியக்கார யோசனை என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே எப்படிச் செய்யலாம் என்று யோசிக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் கூடத்தில் எல்லா வண்டியையும் திறந்து பார்த்துத்தான் விமானத்தில் ஏற்றுவார்கள். விமானப் பணியாளர்களுக்கான சாப்பாட்டு வண்டியை மட்டும் யாரும் சீந்த மாட்டார்கள், எல்லாவற்றையும் அதில் ஒளித்து அனுப்பிவிடலாம். எந்த விமானத்தில் அந்த ஆள் வருகிறார் என்பதை, டியூட்டி போடுகிற பெண் இவர் காதில் ஓதிவிட்டாள். எந்த இருக்கை, ஆணா பெண்ணா என்பது அவளுக்கே தெரியாது. கிடங்கில் தூசி பிடித்துக் கிடந்த பழைய பீங்கானை நான் எடுத்துக் கழுவினேன். தலைமைச் சமையல்காரர் ஆட்டுத்தொடை சுட்டுத் தந்தார். "ஜமீனுக்காக இல்ல, அந்த அட்டைப்பெட்டி மேல இருக்கற கடுப்புக்காகச் செய்றேன்" என்றார். மீன் முட்டை இவர் கைக்காசு. எங்கள் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த மேசை விரிப்பை நான் நாலாக வெட்டி ஓரம் தைத்தேன்.

கத்திதான் சிக்கல். நீளக் கத்தியை உள்ளே விடமாட்டார்கள், வெண்ணெய் தடவுகிற மழுங்கல் கத்தி மட்டும்தான் உண்டு. அதை வைத்து ஆட்டுத்தொடையைச் சீவ ஒரு வாரம் வீட்டில் பழகினார். நானும் மகளும் அந்த வாரம் முழுக்கக் கறியைத் தின்று தீர்த்தோம். முதல் நாள் கிடைத்தது கறி இல்லை, பஞ்சு. கடைசி நாள் மெல்லிய துண்டு விழுந்தபோது மகள் கை தட்டினாள். அவர் தலையைச் சாய்த்து ஏற்றுக்கொண்டார்.

விமானத்தில் நடந்ததை அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அந்த ஆட்டுத்தொடை கொஞ்சம் பெரிதாகிறது. ஆனால் மற்றதெல்லாம் மாறாமல் அப்படியே இருப்பதால் நம்பலாம்.

அன்றைக்கு முதல் வகுப்பில் ரெண்டே பேர். ஒருவர் எழுபது வயதுப் பெரியவர். பழைய கோட்டு, ஆனால் தேய்த்து மடிப்பு எடுத்தது. இன்னொன்று ஒரு இளம்பெண். கசங்கிய டீ சட்டை, காதில் ஹெட்ஃபோன். ஏறி உட்கார்ந்ததும் செருப்பை உதறிவிட்டு, விமானத்தின் கதவு சாத்துவதற்கு முன்பே மூக்குவரை போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

இவர்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு. ரகசியப் பயணி வேஷத்தை மாற்றலாம், கையை மாற்ற முடியாது என்பார்கள். எந்தக் கரண்டி எதற்கு என்று தெரிந்த கை தானாகக் காட்டிக்கொடுத்துவிடுமாம். இவர் நாப்கினைப் பெரியவர் மடியில் வைத்தார். பெரியவர் அதை விரிப்பதற்கு முன் ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தார். பிறகு கண்ணாடித் தம்ளரை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கறை இருக்கிறதா என்று பார்த்தார். இவருக்கு அது போதும். ஆள் அகப்பட்டுக்கொண்டார் என்று உள்ளே போய்க் கையைத் தேய்த்துக்கொண்டாராம்.

அப்புறம் நடந்தது முழுக் கச்சேரி. மீன் முட்டை, சூப், மழுங்கல் கத்தியால் சீவிய ஆட்டுத்தொடை. பெரியவரும் சும்மா இல்லை. முள்கரண்டியைக் கீழே தவறவிட்டுவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தார். அது தரையில் உருண்டு நிற்பதற்குள் இன்னொன்று அவர் தட்டுப் பக்கத்தில் இருந்தது. உப்பு முன்னால் இருக்கும்போதே உப்பு வேண்டும் என்று கேட்டார். இவர் இதோ இருக்கிறதே என்று காட்டவில்லை, புதிதாக ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டு முடித்த மாதிரி சாய்ந்துகொண்டு, கத்தியையும் கரண்டியையும் மட்டும் விலக்கி வைத்துப் பார்த்தார். தட்டுப் பக்கமே இவர் போகவில்லை. பெரியவர் முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு வந்ததாம். முப்பது வருஷத்தில் தான் போட்ட ஆகச் சிறந்த சாப்பாடு அதுதான் என்று இவர் சொல்கிறார்.

அந்தப் பெண் கண்ணைத் திறந்தபோது விமானம் இறங்க ஆரம்பித்திருந்தது. பெல்ட்டைப் போடச் சொல்லி விளக்கு எரிந்துவிட்டது. யாரோ ஆபீஸ்காரர் வீட்டுப் பெண், ஓசி டிக்கெட் என்று இவர் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தார். ஓடிப்போய்த் தங்கக்கோட்டுப் பெட்டி ஒன்றை அவள் கையில் திணித்துவிட்டு, பெரியவர் காபிக் கோப்பையை எடுக்கத் திரும்பிவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை.

இறங்கும்போது பெரியவர் எழுந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. கண் கலங்கியிருந்தது.

"தம்பி, நானும் இதே வேலைதான். வேற கம்பெனி, முப்பத்தஞ்சு வருஷம். ரிட்டயர் ஆனவங்களுக்கு எப்பவாவது ஓசி டிக்கெட் குடுப்பாங்க. ஒரு தடவையாவது உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்கணும்னு வந்தேன். கரண்டியை வேணும்னேதான் போட்டேன், கோச்சுக்காதீங்க. என்கிட்ட எத்தனை பேர் அப்படிப் போட்டிருப்பாங்க!"

கை சரியாகத்தான் காட்டிக்கொடுத்திருக்கிறது. தொழில் தெரிந்த கைதான். ஆள்தான் வேறு. இவர் கையை விடுவித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் போய்விட்டாள். இருக்கையில் பாதி திறந்த பெட்டியும், சாக்லேட் தாளும் கிடந்தன.

வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, "முடிஞ்சது" என்றார். நடந்ததைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு வந்த நாட்களில் சிரிப்பே வரவில்லை, அடக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. சாப்பிடாமல், தூங்காமல், கவுண்டர் வேலைக்கு மனசைத் தயார் செய்கிறேன் என்று ஆரம்பித்தார். நான் கைப்பையைத் தேடினால் எதிரே வந்து நின்று, "பை என்ன நிறம் மேடம்? கடைசியா எங்க பார்த்தீங்க?" என்று பழகிப் பார்ப்பார். விளையாட்டு என்று நினைத்து முகத்தைப் பார்த்தால் அங்கே விளையாட்டு இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு வழியாக ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். நானும் கூடப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். மேலாளர் எங்கள் மகளைவிட ரெண்டு வயது மூத்த பையனாக இருப்பான். கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாததால் எல்லாம் கேட்டது.

"சார், கையைக் குடுங்க! நூத்துக்கு நூறு. கம்பெனியிலயே நீங்க ஒருத்தர்தான்."

"நானா? யாரு குடுத்தா?"

"உங்க விமானத்துல வந்த மேடம்தான். என்ன சொன்னாங்க தெரியுமா? மத்தவங்க எல்லாம் எழுப்பி எழுப்பி என்ன வேணும், என்ன வேணும்னு உயிரை எடுத்தாங்களாம். நீங்க ஒருத்தர்தான் கிட்டயே வரலையாம். பேசவே இல்லையாம். முழிச்சதும் பெட்டியைக் கையில குடுத்துட்டுப் போயிட்டீங்களாம். இவ்வளவு நல்ல சேவையை நான் பார்த்ததே இல்லன்னு சொல்லிட்டாங்க."

மேலாளர் மேசை மேல் ஒரு காகிதத்தை இவர் பக்கம் நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"முதல் வகுப்பு உங்களுக்குத்தான் சார். அதோட, இதை மத்தவங்களுக்கும் நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

"எதை?"

"இதைத்தான் சார்."

வெளியே வந்தார். படியிறங்கி, பஸ் நிறுத்தம் வரைக்கும் எனக்கு முன்னாலேயே நடந்தார். எனக்கு அடக்க முடியவில்லை. நிழற்குடையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வேலை தப்பியதே என்ற சந்தோஷமும் சேர்ந்து கண்ணீர் வழிந்தது. மகளுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். அவள் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். கூட்டத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள். இவர் மட்டும் சிரிக்கவில்லை.

"தப்பிச்சீங்கல்ல, சிரிங்களேன்!"

"அந்தப் பொண்ணு மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகமே வரல" என்றார்.

ஒரு தடவை காபி கொடுத்தால், அஞ்சு வருஷம் கழித்து வந்தாலும் எத்தனை சர்க்கரை என்று சொல்லுகிற மனிதர். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பயிற்சி வகுப்பு எடுக்கப் போனார். இருபது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்களாம். சாயங்காலம் திரும்பி வந்தவரிடம், "நாள் முழுக்க என்ன சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"சொல்லிக் குடுக்க என்ன இருக்கு? எல்லாருக்கும் ஏற்கெனவே நல்லா வருது."

போன வாரம் முதல் வகுப்புக்குத் திரும்பப் போனார். எட்டுப் பேருக்கு எட்டுப் பெட்டி. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தார். சீருடையோடேயே சமையலறைக்குப் போய், எனக்கும் சேர்த்துக் காபி போட்டு, முட்டை பொரித்து, கொண்டுவந்து வைத்தார். எதிரே உட்கார்ந்தார். முதுகு வளைந்திருந்தது. ரெண்டு கையும் மேசை மேல் சும்மா கிடந்தன. அந்த மனிதர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"நல்லா இருந்துச்சு. சீக்கிரம் முடிஞ்சுடுச்சு. யாரும் ஒரு குறையும் சொல்லல."

என்னால் அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. முன்பெல்லாம் யாராவது ஒருவர் தட்டைத் திருப்பி அனுப்பினால் போதும், இவர் ரெண்டு அங்குலம் உயர்ந்து விடுவார். எனக்கு அவர் மேல் கோபமா, அந்த மேலாளர் பையன் மேல் கோபமா, தங்கக் கோடு போட்டுப் பெட்டி மூடுகிற என் கை மேலேயே கோபமா, தெரியவில்லை. கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தேன். நாக்கு பொசுங்கிவிட்டது. கோப்பையை ணங்கென்று வைத்தேன்.

"என்ன காபி இது? ஆறி அவலாக் கிடக்கு. மனுஷன் குடிப்பானா?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோப்பையிலிருந்து ஆவி நேராக எங்கள் ரெண்டு பேர் முகத்துக்கும் நடுவே போய்க்கொண்டிருந்தது. எழுந்தார். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"மன்னிக்கணும் மேடம். இதோ, இப்பவே."

வலது கையால் கோப்பையை எடுத்துக்கொண்டு, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். கொதிக்கிற காபியைத் தொட்டியில் கொட்டுகிற சத்தம் கேட்டது. முட்டையைச் சாப்பிட்டுப் பார்த்தேன், உப்பு சரியாக இருந்தது. அடுத்து அதில் உப்பே இல்லை என்று சொல்லக் காத்துக்கொண்டிருந்தேன்.